ஆற்றுப்படுத்தலும் பதிவும்

"நேத்து ராத்திரி வந்தது இன்னைக்கு வர மாட்டேங்குது, சார்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வந்து நின்றான். பெரிய முதலியார்சாவடியில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு, அதில் ஒரு லாப்டாப்பும், ஆரோவில்லை விட்டுச் சொந்த ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் பாதி விலைக்கு வாங்கிய கீபோர்டும் வைத்துக்கொண்டு இசை பண்ணுகிறவன். கோவில் திருவிழாவுக்கு, குறும்படத்துக்கு, கல்யாண வீடியோவுக்கு என்று காசுக்குச் செய்வது போக, ராத்திரியில் தனக்கென்று எதையோ செய்கிறான். அந்த ராத்திரிக் காரியத்தில்தான் ஒன்று தொலைந்துவிட்டது. இயந்திரத்தில் எதையும் மாற்றவில்லை என்கிறான். அதே சாவிகள், அதே அமைப்பு, அதே பொத்தான். ஆனால் வருவது வேறு.

இதை ஒரு தொழில்நுட்பக் கோளாறாக எண்ணி ஒதுக்கிவிடலாம். கவிதை பற்றிய பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்றும் கேட்கலாம். எனக்கென்னவோ, கடந்த சில வருஷங்களாக நம் கவிதை பற்றி நடந்து கொண்டிருக்கிற பல சச்சரவுகளை விட, அந்தக் கொட்டகையில் நடந்தது சிருஷ்டி என்கிற காரியத்தின் மர்மஸ்தானத்தைத் தொடுவதாகப் படுகிறது. எனவே விஷயத்தை அதன் ஸ்தூலமான விவரங்களோடேயே சொல்ல வேண்டும். விவரங்களை விட்டுவிட்டு விசாரம் மட்டும் செய்வது நமக்குக் கைவந்த கலை. அதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தால் நஷ்டமில்லை.

முதலில் மிடி. 1983 ஜனவரியில், அமெரிக்காவில் இசைக் கருவி வியாபாரிகளின் கண்காட்சி ஒன்றில், ஸீக்வென்ஷியல் ஸர்க்யூட்ஸ் கம்பெனியின் கருவியையும் ரோலண்ட் கம்பெனியின் கருவியையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் மற்றதில் ஒலிக்கச் செய்து காட்டினார்கள். அந்தக் கம்பியில் ஓடியது ஒலி இல்லை. எந்தச் சாவி, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற தகவல் மட்டும். ஒரு ஸ்வரம் தொடங்குகிறது என்று சொல்ல மூன்று எண்கள் போதும். 0-விலிருந்து 127 வரை. அதற்குள் சுருதியும் அடங்க வேண்டும், அழுத்தமும் அடங்க வேண்டும். வேகம் பூஜ்யம் என்று வந்தால் ஸ்வரத்தை நிறுத்து என்று அர்த்தம். தமிழில் மிடி என்றால் வறுமை. அந்தப் பொருத்தம் தற்செயலானதுதான், ஆனால் தப்பில்லை. நாற்பது வருஷமாக உலகத்துச் சங்கீத வியாபாரத்தில் பெரும்பகுதி இந்த வறுமையின் மேல்தான் நடந்து வந்திருக்கிறது. 2020-இல் வந்த இரண்டாவது மிடி இந்த எண்களை எவ்வளவோ நுணுக்கமாக்கியிருக்கிறது என்றாலும், கொட்டகைகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

ஒலி இல்லை, உத்தரவுதான் என்பதால், அந்த உத்தரவை வழியில் நிறுத்தி மாற்ற முடியும். இதுதான் மிடி எஃபெக்ட் என்கிறார்கள். எதிரொலி, கார்வை போன்று ஒலியின் மேல் பூசுகிற எஃபெக்டுகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை பிறந்த குழந்தைக்குப் பவுடர் போடுவது. இது கருவில் கை வைப்பது. மூன்று சாவிகளைச் சேர்த்து அழுத்தினால், அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டி ஓயாமல் ஓட விடுவது ஆர்பெஜியேட்டர். வருகிற ஸ்வரம் எதுவானாலும் குறிப்பிட்ட ஸ்வரக் கூட்டத்துக்குள் தள்ளி நிறுத்துவது ஸ்கேல். எத்தனைக்கு எத்தனை என்ற வாய்ப்புக் கணக்கில் ஸ்வரத்தைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றுவது ராண்டம். இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, கடைசியில் ஒரு வாத்தியத்தை வைத்தால் ஒலி பிறக்கும். ஆனால் அந்த ட்ராக்கில் பதிவாவது, எஃபெக்டுகளுக்குள் நுழைவதற்கு முன்பு இருந்ததுதான். விரல் செய்தது மட்டும் பதிவாகும். விரலுக்குப் பின் நடந்தது ஒவ்வொரு தடவையும் புதிதாக நடந்து, நடந்த க்ஷணமே மறையும். ராண்டம் நடுவில் உட்கார்ந்திருந்தால் நேற்று வந்தது இன்றைக்கு வராது. அவன் தொலைத்தது எங்கே போயிற்று என்றால், எங்கும் போகவில்லை. அது எங்கும் இருக்கவே இல்லை.

பரிகாரம் சுலபமானது. அவன் உபயோகிக்கிற ஏபிள்டன் லைவில், முதல் ட்ராக்கில் எஃபெக்டுகளை மட்டும் வைத்து, வாத்தியத்தை இரண்டாவது ட்ராக்குக்குக் கொண்டுபோய், அந்த இரண்டாவது ட்ராக்கின் மிடி வரவு எங்கிருந்து என்ற இடத்தில் முதல் ட்ராக்கின் பெயரைக் காட்டி, எஃபெக்டுக்குப் பின் என்று சொல்லி, பதிவுக்குத் தயாராக்கி ஓட்ட வேண்டும். அப்போது இரண்டாவது ட்ராக்கில் விழுவது விரல் செய்தது அல்ல, விரலுக்கு நேர்ந்தது. ரீப்பரில் ட்ராக்கின் பதிவு முறையையே வெளிவருகிற மிடி என்று வைத்துவிடலாம். க்யூபேஸில் எஃபெக்டுகளை ஸ்வரங்களோடு கரைத்து ஒன்றாக்கிவிடுகிற கட்டளை உண்டு. வழிகள் வேறு, காரியம் ஒன்று.

ரூட்டிங் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கலைச்சொல் பண்ணுகிறவர்கள் தலையைச் சொறிந்து வழியமைப்பு, தடமிடல் என்றெல்லாம் எழுதுகிறார்கள். இந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு அப்படி எழுதுவது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம். வடக்கே மரக்காணம் பக்கத்தைத்தான் சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் காட்டுகிறார்கள். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்ற பாணன் எதிர்ப்பட்ட இன்னொரு பாணனிடம், நீ இந்த வழியாகப் போ என்கிறான். ஆறு என்றால் வழி. ஒரு இசைக்காரன் இன்னொரு இசைக்காரனை வழியில் செலுத்துவதற்கு ஒரு இலக்கிய வகையே வைத்திருந்த பாஷை இது. ஆற்றுப்படுத்தல் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

ஆனால் ஆற்றுப்படுத்தினால் மட்டும் போதாது என்பதை அவன் அடுத்த வாரமே கண்டுகொண்டான். சொன்னபடி செய்தான், பதிந்தான், திரும்ப ஓட்டிக் கேட்டான். இந்தத் தடவையும் வேறாகத்தான் வந்தது. பதிவே பொய் சொல்கிறது என்று என்னிடம் வந்தான். போய்ப் பார்த்தால், இரண்டாவது ட்ராக்கில் உள்ளே வருவதை எப்போதும் கேட்டுக்கொண்டிரு என்ற கண்காணிப்பு நிலையை மாற்றாமல் விட்டிருக்கிறான். அந்த நிலையில் ட்ராக், தன்னிடம் பதிந்து கிடப்பதை ஒலிக்காது. உள்ளே வருவதைத்தான் ஒலிக்கும். பதிவைக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, முதல் ட்ராக்கிலிருந்து அப்போதைக்கப்போது பிறந்துகொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறான். அதை அணைத்ததும் பதிவு ஒலித்தது. "இது தான் சார், இது தான்" என்றான். பின்பு கொஞ்சம் கழித்து, "அவ்வளவு நல்லா இல்லியே" என்றான்.

அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் விமர்சனம் பிறக்கிறது என்று நான் நினைக்கிறேன். பிறந்துகொண்டிருக்கும்போது எல்லாமே அற்புதமாகத்தான் தோன்றும். அதைக் கேட்பவனும் அதோடு சேர்ந்து பிறந்துகொண்டிருக்கிறான். பதிவானது எதிரில் நிற்கிறது. அதைப் பார்க்கலாம், ஒரு ஸ்வரத்தை அழிக்கலாம், நகர்த்தலாம். பரவசம் போய், காரியம் தொடங்குகிறது. நம் கவிஞர்களில் பலர் கண்காணிப்பு நிலையை அணைக்காதவர்கள். எழுதிய நேரத்து வேகம் காதில் ஓடிக்கொண்டிருக்க, காகிதத்தில் இருப்பதைத்தான் கேட்கிறோம் என்று மனமார நம்புகிறார்கள். காகிதத்தில் இருப்பது வேறு ஏதோ.

நான் பாங்கில் கிளார்க். எனக்கு இது வட்டி விவகாரமாகவும் படுகிறது. சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி சேர்ந்துகொண்டே போகிறது. ஆனால் வரவு வைக்கிற வரைக்கும் அது ஒரு விதி மட்டுமே. அதை எடுத்துக்கொண்டு போய் அரிசி வாங்க முடியாது. வரவு வைத்த நிமிஷம் அது பணம். கூடவே இன்னொன்றும் உண்டு: வரவு வைத்துவிட்டோம் என்பதற்காக எந்தக் கணக்கின் பேரில் வந்தது என்ற மூலத்தைக் கிழித்துப் போட முடியாது. தணிக்கைக்கு வருகிறவர் பேரேட்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறவர் அல்ல, வவுச்சர் எங்கே என்பார். இரண்டாவது ட்ராக்கில் பதிந்ததும் முதல் ட்ராக்கை அழித்துவிடுகிற பழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. இடம் மிச்சம், குழப்பம் மிச்சம் என்பார்கள். அதன் விலை என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தற்செயலுக்குக் கலையில் இடமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1951-இல் ஜான் கேஜ், மியூஸிக் ஆஃப் சேஞ்சஸ் என்ற பியானோ கிருதியை நாணயங்களைச் சுண்டி, ஐ சிங் என்ற சீனக் குறி நூலின் முறைப்படி அமைத்தார். சுருதி, கால அளவு, ஒலி அழுத்தம் எல்லாம் நாணயம் விழுந்தபடி. இதைக் கேள்விப்பட்டு இங்கே உற்சாகமடைகிறவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் உண்டு. விழுந்ததை அவர் எழுதினார். ஒவ்வொரு ஸ்வரமாக, மாதக் கணக்கில், இம்மி பிசகாமல் எழுதினார். வாசிக்கிறவருக்கு அதில் இஷ்டப்படி செய்ய இடமே இல்லை. ராண்டத்தை முதல் ட்ராக்கில் வைத்து, இரண்டாவது ட்ராக்கில் பதிந்தார் என்று சொல்லலாம். தற்செயலை நம்புகிறவனுக்கு அதைக் கடைசி வரை பதிகிற பொறுமையும் வேண்டும். வாய்க்கு வந்ததை ஆழ்மனத்தின் பெயரில் அச்சுக்கு அனுப்புகிறவர்களிடம் நான் காணாதது இதைத்தான்.

இனி மறுபக்கத்துக்காரர்கள். மெஷினில் பண்ணுவது சங்கீதமே இல்லை என்கிற சபா ரசிகர்கள். இவர்கள் வாதம் முழுக்க அசட்டுத்தனமானது அல்ல. அகில இந்திய ரேடியோ 1940-இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தபோது சொன்ன காரணங்களில் முக்கியமானது, அந்தப் பெட்டியில் ஸ்வரங்கள் ஆணியடித்தது மாதிரி நிற்கின்றன, கமகம் வராது என்பது. 1971-இல்தான் தடை ஓரளவு தளர்ந்தது. நடுவில் முப்பது வருஷம், ஆர்மோனியம் என்ன, செத்தா போயிற்று? இந்தப் பக்கத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. சபாவின் சுத்தத்துக்கும் கூத்தின் ஜீவனுக்கும் இருந்த தூரத்தை அந்த முப்பது வருஷம் காட்டிக் கொடுக்கிறது. இருந்தாலும் காரணம் காரணம்தான். மிடியில் ஸ்வரம் என்பது ஒரு புள்ளி. நம் சங்கீதத்தில் ஸ்வரம் என்பது ஒரு அசைவு. அசைவைச் சொல்ல மிடியிலும் இடம் உண்டு: பிட்ச் பெண்ட் என்ற தனி உத்தரவு, 16,384 படிகளோடு. கீபோர்டில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிற சத்யநாராயணன் அந்தச் சக்கரத்தை வைத்துத்தான் கமகம் செய்கிறார். ஆனால் அந்த உத்தரவு ஸ்வரத்துக்குள் இல்லை, பக்கத்தில் ஓடுகிறது. ஒரு சானலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே வளைக்கும். மேலும், நான் சொன்ன எஃபெக்டுகள் ஸ்வரத்தின் எண்ணைத்தான் மாற்றுகின்றன. வளைவைப் பற்றி அவற்றுக்குத் தெரியாது. உடம்பை ஒரு வழியில் அனுப்பி, உயிரை இன்னொரு வழியில் அனுப்புகிற ஆற்றுப்படுத்தல் இது. 2018-இல் அங்கீகாரம் பெற்ற எம்.பி.இ. என்கிற முறையில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனி சானல் கொடுத்து இதைச் சரி செய்யப் பார்க்கிறார்கள்.

இந்தக் கஷ்டம் நமக்குப் புதிதும் அல்ல. 1890-களில் ஏ. எம். சின்னசாமி முதலியார், சென்னை அரசுச் செயலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, கர்நாடகக் கிருதிகளை ஐரோப்பிய ஸ்வரக் குறிப்பில் எழுதி அச்சிட்டார். குமாஸ்தா ஜாதியில் எனக்கு ஒரு முன்னோர் என்று அவரை நினைத்துக்கொள்வதில் ஒரு அற்ப சந்தோஷம். அவருடைய தூண்டுதலும் பின்னணியில் இருந்து, 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீக்ஷிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வந்தது. அதில் கமகங்களுக்கு ஸ்வரத்தின் மேல் தனிக் குறிகள் உண்டு. அங்கேயும் அசைவு ஸ்வரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, உள்ளே இல்லை. வித்தியாசம், அந்தக் குறியைப் படிக்கிறவன் அதை ஏற்கனவே கேட்டவன் என்று தீக்ஷிதர் எடுத்துக்கொண்டார். கேட்டவனுக்கு ஞாபகமூட்டத்தான் குறி. மிடியைப் படிப்பது எதையும் கேட்டறியாத ஒன்று. அதனால் எழுதப்படாதது எல்லாம் அதற்கு இல்லாதது.

இதை வைத்துக்கொண்டு அவன் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அவனுடைய ஆயா செத்து இரண்டு வருஷம். உயிரோடு இருந்தபோது, தன் அண்ணன் சாவுக்குப் பாடிய ஒப்பாரியைப் பேரன் கேட்டதற்காக வீட்டில் உட்கார்ந்து ஒரு தரம் பாடியிருக்கிறாள். போனில் பதிந்து வைத்திருந்தான். அந்தக் குரலை, ஒலியிலிருந்து மெட்டைப் பிரித்து மிடியாக மாற்றுகிற வசதி லைவில் 2013 முதல் இருக்கிறதே, அதில் போட்டான். இழுத்து, உடைந்து, கீழே சறுக்கி வருகிற குரல், படிப்படியான ஸ்வரங்களாகச் சிறு கட்டங்களில் வந்து உட்கார்ந்தது. சறுக்கல்கள் போயின. அதை முதல் ட்ராக்கில் வைத்து, கீழே ஸ்கேலில் முகாரியை அமைத்தான். ஒப்பாரி என்றால் முகாரி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம் பேச்சு வழக்கில் முகாரி பாடுவது என்றாலே அழுவதுதானே. அதற்குக் கீழே ராண்டம், அப்புறம் ஆர்பெஜியேட்டர்.

முகாரியில் என்ன விசேஷம் என்றால், ஏறும்போது சதுச்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். ஸ்கேல் எஃபெக்டுக்கு ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. உள்ளே வருவது பன்னிரண்டில் எது என்று மட்டும் பார்த்து, வெளியே எதை விட வேண்டுமோ அதை விடும். இரண்டு தைவதத்தையும் அனுமதித்தால் இறக்கத்தில் தப்பான தைவதம் வரும். ஒன்றை மட்டும் அனுமதித்தால் ஏற்றம் கெடும். ராகம் என்பது ஸ்வரங்களின் பட்டியல் அல்ல, எங்கிருந்து வந்தோம் என்ற ஞாபகம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த சங்கீத வித்வானும் எனக்கு விளக்கியதில்லை. ஞாபகமில்லாத ஒழுங்கு, தப்பே வராமல் காப்பாற்றும். சரியை ஒருபோதும் உண்டாக்காது. 1959-இல் 'எழுத்து' தொடங்கி, யாப்பு பற்றி இங்கே சண்டை நடந்ததே, அதில் இரண்டு தரப்பும் யாப்பை ஒரு ஸ்கேல் எஃபெக்ட் என்றுதான் நினைத்துக்கொண்டார்களோ என்று எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. தளை தட்டாமல் சொல்லைத் தள்ளி நிறுத்துகிற கருவி என்று ஒரு தரப்பு அதைக் கும்பிட்டது, மறு தரப்பு உடைத்தது. நல்ல வெண்பாக்காரன் கையில் அது ஏற்ற இறக்கம் அறிந்த ஒன்றாக இருந்திருக்கிறது என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

முதல் தடவை பதிவானதை எனக்குப் போட்டுக் காட்டினான். பதினோரு நிமிஷம். அழகாக இருந்தது. அந்த அழகுதான் என் ஆட்சேபம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், இந்த ஊரிலேயே, கடலைப் பார்க்க வைத்த எந்த ஓட்டலிலும் அதைச் சாயங்காலம் ஒலிக்க விடலாம். துக்கம் இருந்தது, யாருடைய துக்கமாகவும் இருந்தது. சினிமாவில் நமக்கு இது பழக்கமானதுதான். 1986-இல் வந்த புன்னகை மன்னனில் கணினியும் ஸீக்வென்ஸரும் வேலை செய்ததைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். 1992-இல் ரோஜாவோடு ஒரு ஸ்டூடியோவின் தனியறையில் அடுக்கடுக்காகப் பண்ணுகிற முறையே கோடம்பாக்கத்தின் முறையாயிற்று. இளையராஜாவோ ரஹ்மானோ இயந்திரத்திடம் தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள் இல்லை. அவர்களைப் பார்த்துச் செய்கிறவர்களிடம் இயந்திரம் மட்டும் போய்ச் சேர்ந்தது. அது வேறு கதை, பெரிய கதை.

எனக்கு உறுத்திய இடத்தைச் சொன்னேன். "ஆயா மூச்சு விடவே இல்லியே?" அவன் புரியாமல் பார்த்தான். முதல் ட்ராக்கைத் திறந்து பார்த்தோம். அவன் அதை அழிக்கவில்லை, நல்ல காலம். அதில் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் வெற்றிடம் இருந்தது. ஒப்பாரியில் அடி முடிந்து மூச்சை இழுத்து மூக்கைச் சிந்துகிற இடம். இரண்டாவது ட்ராக்கில் அந்த வெற்றிடமெல்லாம் நிரம்பியிருந்தது. ஆர்பெஜியேட்டரில் ஹோல்டு என்று ஒரு பொத்தான். அது போட்டிருந்தால் சாவியை விட்ட பிறகும், அடுத்தது வருகிற வரை, பழையதையே உருட்டிக்கொண்டிருக்கும். கிழவியின் மூச்சை இயந்திரம் தின்றிருக்கிறது. முதல் ட்ராக் பக்கத்தில் இல்லாவிட்டால் இது எங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. விளைவை மட்டும் வைத்துக்கொண்டவனுக்கு எது விளைந்தது என்று தெரியும். எது போயிற்று என்று தெரியாது.

இரண்டு மாதம் அதிலேயே உட்கார்ந்தான். ஹோல்டை எடுத்துவிட்டுத் திரும்பப் பதிந்தான். ஸ்கேலைத் தூக்கி எறிந்தான். ராண்டத்தை ஒரேயொரு இடத்தில் மட்டும் விட்டான். பதிந்ததில் கையால் ஸ்வரம் ஸ்வரமாக எடுத்தான். ஆயா சறுக்கிய சில இடங்களில் போன் பதிவைக் கேட்டுக் கேட்டு வளைவைக் கையால் வரைந்தான். இந்த வேலையைப் பார்க்கும்போது எனக்கு மரக்காணம் உப்பளத்து ஞாபகம் வந்தது. கடல் தண்ணீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு விட்டு, ஒவ்வொன்றிலும் வெயிலுக்கு வைத்து, செறிவு 25 டிகிரி போமே வந்த பிறகு கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கிறது. முப்பதுக்குப் பக்கமாகப் போனால் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். அதில் மக்னீசியம் இருக்கிறது. விட்டு வைத்தால் உப்பு கசக்கும். எதை எந்தப் பாத்தியில் நிறுத்துவது, எதை வடிப்பது என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீரின் நிறத்திலேயே தெரிகிறது. வாய்க்கால் வெட்டத் தெரிந்தால் மட்டும் உப்பு வந்துவிடாது. பதினோரு நிமிஷம் மூன்றே முக்கால் நிமிஷமாயிற்று.

இப்போது அது எப்படி இருக்கிறது? ஒப்பாரி இல்லை. ஒப்பாரியை மீட்டுக் கொடுப்பதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அது போன் பதிவில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். கீபோர்டு ஒலியில், அடிகள் அறுந்து அறுந்து, நடுவே நிஜமான மூச்சு நேரங்களோடு, ஒரு பெண் தன் வேலைகளுக்கு இடையில் துக்கப்பட்டது மாதிரி நடக்கிறது. தாள ஒழுங்கு வரும்போல் வந்து வராமல் போகிறது. இரண்டாம் பாதி கொஞ்சம் தொய்வு. ஆர்பெஜியேட்டர் இன்னும் இரண்டு இடத்தில் தன் சாமர்த்தியத்தைக் காட்டுகிறது, அதை அவன் விட மனசில்லாமல் வைத்திருக்கிறான். இருந்தும், நம் சூழலில் கடந்த சில வருஷங்களில் நான் படித்த பல இரங்கற்பாக்களை விட இதில் சாவு இருக்கிறது.

முக்கியமாக ஒரு இடம். இரண்டாவது நிமிஷத்துக்குப் பக்கத்தில், எதோடும் ஒட்டாமல், ஆறு ஏழு ஸ்வரங்கள் கிடுகிடுவென்று ஓடி நின்றுவிடுகின்றன. முதலில் கேட்டபோது ராண்டத்தின் வேலை என்று நினைத்தேன். அது இல்லை. போன் பதிவில் அந்த இடத்தில் ஆயா பாட்டை நிறுத்தி, உள்ளே இருக்கிற யாரையோ பார்த்து, "அடுப்புல பால் பொங்குது பாரு" என்று சொல்லிவிட்டு, அடுத்த அடியைத் தொடர்ந்திருக்கிறாள். மிடியாக மாற்றிய இயந்திரத்துக்குப் பேச்சுக்கும் பாட்டுக்கும் பேதம் தெரியாது. பேச்சையும் ஸ்வரமாக்கி வைத்துவிட்டது. அது எல்லா எஃபெக்டையும் தாண்டி, இரண்டாவது ட்ராக்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மற்றதையெல்லாம் அழித்தவன் இதை மட்டும் தொடவில்லை.

சென்னையில் ஸ்டூடியோவில் வேலை பார்க்கிற அவனுடைய சிநேகிதன் ஒருவன் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, நடுவுல அந்தத் தப்பை மட்டும் எடுத்துடு" என்று சொல்லியிருக்கிறானாம். போன வாரம் என்னிடம் வந்து, "எடுத்துடவா சார்?" என்று கேட்டான். எடுக்கக் கூடாது என்று நான் சொன்னதற்கு என்னென்னவோ காரணம் கேட்டான். சொன்ன காரணங்கள் எனக்கே போதவில்லை. முதல் ட்ராக்கை ஒலியடக்கி, ஆயா என்று பெயரிட்டு, மேலேயே வைத்திருக்கிறான். அந்த ஏழு ஸ்வரத்தைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.